உழைச்செல்வானின் தர்மம்: செவிலியர் பணியில் அறமும் சட்டமும்

நோயுற்ற மனிதனின் படுக்கையருகே அதிக நேரம் நிற்பவர் யார்? மருத்துவர் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வருகிறார். உறவினர் பார்வை நேரத்தில் வருகின்றனர். இரவு இரண்டு மணிக்கு நோயாளி கண்விழித்துத் தண்ணீர் கேட்கும்போது அங்கே இருப்பவர் செவிலியர் ஒருவரே. அந்த நேரத்தில் அவர் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பார்க்க வேறு மனிதர் எவரும் இல்லை. ஆகவேதான் இப்பணியில் அறம் என்பது பிற பணிகளைவிடக் கூர்மையான பொருள் கொள்கிறது.

துன்புறும் ஜீவனிடத்தில் சிவனைக் கண்டு சேவை செய்ய வேண்டும் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் காட்டிய வழி. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது என்னும் நிலையைக் கடந்து, உயிர்களை இறைவனாகவே கருதி வழிபடுவது என்னும் நிலைக்கு அவர் சேவையை உயர்த்தினார். இந்த உயர்ந்த கருத்தைக் கேட்ட அன்பர்கள் சிலரிடம் ஒரு தவறான எண்ணமும் தோன்றிவிடுவதுண்டு. ‘நல்லெண்ணத்துடன் செய்கிறோம், கட்டணம் பெறாமல் செய்கிறோம், ஆகவே சட்டமும் விதிகளும் நமக்கு எதற்கு?’ என்பதே அது. பூஜை செய்பவர் நைவேத்தியத்தைப் பார்க்காமல் படைப்பதில்லை. மலரை முகர்ந்துவிட்டுச் சாத்துவதில்லை. வழிபாட்டில் இவ்வளவு கவனம் வேண்டுமானால், நோயாளியை இறைவனாகக் கருதுபவருக்கு அதைவிடக் கூடுதலான கவனம் அன்றோ வேண்டும்?

சுவாமி விவேகானந்தர் 1900-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், பயனில் செலுத்தும் அளவு கவனத்தை அதற்கான வழியிலும் செலுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். வழி செம்மையாக இருந்தால் பயன் தானே வரும் என்பது அவரது கருத்து. செவிலியர் பணிக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் இல்லை.

நான்கு கால்களில் ஒன்று

பாரதத்தின் பண்டைய மருத்துவ நூலான சரக சம்ஹிதை, சிகிச்சையை நான்கு கால்களில் நிற்கும் ஒன்றாகக் கூறுகிறது. மருத்துவர், மருந்து, பரிசாரகர், நோயாளி என்பவையே அந்நான்கு. பரிசாரகர் என்பவர் அருகிருந்து பணிவிடை செய்பவர். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் நிறைவில் இதே நான்கையும் குறிப்பிடுகிறார். பணிவிடை செய்பவருக்கு அவர் வழங்கும் பெயர் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்றால் பக்கம், அருகு. நோயாளியின் அருகே செல்பவன் என்பது இச்சொல்லின் பொருள்.

ஒரு காலை அகற்றினால் கட்டில் நிற்காது. மருத்துவர் எவ்வளவு வல்லவராயினும், மருந்து எவ்வளவு உயர்ந்ததாயினும், அருகிருப்பவர் தவறினால் சிகிச்சை வீழ்ந்துவிடும். செவிலியரை மருத்துவரின் ஏவலாளாகக் கருதும் வழக்கத்திற்குப் பண்டைய நூல்களில் ஆதரவு இல்லை.

பரிசாரகருக்கு வேண்டிய பண்புகளாகவும் சரக சம்ஹிதை நான்கைக் கூறுகிறது. பணிவிடை முறைகளைப் பற்றிய அறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை ஆகியவையே அவை. அன்பு மூன்றாவதாகவே வருவதைக் கவனிக்க வேண்டும். அன்பு குறைந்தது என்பதற்காக அன்று. அறிவும் திறனும் இல்லாத அன்பு நோயாளியைக் காப்பாற்றாது என்பதற்காக என்று கொள்ளலாம். இந்நான்கு பண்புகளையும் இன்றைய இந்தியச் சட்டத்தோடு வைத்து நோக்கினால், இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பது விளங்கும்.

முதற்பண்பு: அறிவு

1993-ஆம் ஆண்டு டிசம்பரில், டைஃபாய்டு காய்ச்சல் கண்ட சிறுவன் ஒருவன் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டான். மருத்துவர் எழுதிய ஊசி மருந்து குளோராம்பெனிகால். அங்கே செவிலியராகப் பணியாற்றியவர் தந்தையிடம் வாங்கிவரச் சொன்னது வேறொரு மருந்து. அது மலேரியாவுக்குரிய குளோரோகுயின். தந்தை வாங்கி வந்தார். செவிலியர் அதை நரம்பின் வழியே செலுத்தினார். தாயின் மடியில் இருந்த குழந்தை அக்கணமே துவண்டு விழுந்தது. இதயம் நின்றது. உயிர் மீண்டும் பிடித்துவைக்கப்பட்டது; ஆயினும் மூளை மீளாத சேதமடைந்தது. பேச்சோ அறிவோ இல்லாத நிலையில் அக்குழந்தை வாழ நேர்ந்தது.

பெற்றோர் தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடினர். தகுதியற்ற ஒருவரைச் செவிலியராக அமர்த்தி, அவர் பொறுப்பில் குழந்தையை விட்டது மருத்துவமனையின் குற்றம் என ஆணையம் முடிவு செய்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், வாழ்நாள் முழுவதும் அந்தத் துயரைச் சுமக்க வேண்டிய பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாயும் இழப்பீடாக நிலைபெற்றன.

அந்தச் செவிலியர் குழந்தையை வெறுத்தவர் என்று எவரும் சொல்லவில்லை. குறை அன்பில் இல்லை, அறிவில் இருந்தது. மருத்துவமனைகளில் ஊசியோ மாத்திரையோ கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்கும்படி மாணவியருக்குக் கற்பிக்கப்படுகிறது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பவை அவை. இவ்வைந்தில் ஒன்றை மனத்தில் நிறுத்திப் பார்த்திருந்தாலும் அந்த வீட்டின் விளக்கு அணைந்திராது.

இதற்காகவே சட்டம் பதிவை வற்புறுத்துகிறது. 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே தரமான பயிற்சியை ஏற்படுத்தும் நோக்கில் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1926-இல், செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் சட்டம் வந்துவிட்டது. 2023-இல் நாடாளுமன்றம், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அமையும் வகையில், தேசியச் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். இளநிலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். படிப்பை முடித்து, மாநிலக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னரே ஒருவர் செவிலியர் ஆகிறார்.

இங்கே அன்பர்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களும் சிந்திக்க வேண்டியது உண்டு. ஆர்வமுள்ள தொண்டர் வரிசையை ஒழுங்குபடுத்தலாம், முதியவரைக் கைப்பிடித்து அழைத்து வரலாம், சீட்டு எழுதலாம். ஊசி போடுவதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் அவருடைய ஸ்வதர்மம் ஆகா. தகுதி இல்லாத இடத்தில் காட்டும் ஆர்வம் சேவை ஆகாது.

இரண்டாம் பண்பு: திறன்

கீதை யோகத்தைச் செயல்திறனோடு இணைத்துப் பேசுகிறது. செவிலியர் பணியில் திறன் என்பது பெரிய அதிசயங்களைச் செய்வதன்று. சிறிய காரியங்களை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்வதே.

1963-ஆம் ஆண்டு ஔரங்காபாத் நகரின் அரசு மருத்துவமனையில் ஒரு தாய்க்கு மகப்பேற்றுக்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சிகிச்சையின்போது பயன்படுத்திய துணி ஒன்று வயிற்றினுள்ளேயே தங்கிவிட்டது. சீழ் பிடித்து, மறு அறுவை செய்தும் பயனின்றி, அதே மாதத்தில் அத்தாய் உயிரிழந்தார். வழக்கு பல படிகளைக் கடந்து 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. 33 ஆண்டுகள் ஒரு குடும்பம் நீதிக்காகக் காத்திருந்தது.

அறுவை அரங்கில் எத்தனை துணிகள், எத்தனை கருவிகள் உள்ளே சென்றன, எத்தனை வெளியே வந்தன என்று தையலுக்கு முன் எண்ணிச் சொல்வது செவிலியர் செய்யும் பணி. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் அதை உரக்கச் சொல்லித் தையலை நிறுத்தச் செய்வதும் அவர் கடமையே. எதிரே நிற்பவர் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக இருக்கலாம். செவிலியர் வேலைக்குப் புதியவராக இருக்கலாம். ஆயினும் மேசையின்மேல் கண்மூடிக் கிடப்பவருக்காகப் பேச அந்நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. பணிவு என்பது சேவகரின் அணிகலன். தவற்றைக் கண்டும் வாய்மூடி நிற்பது பணிவாகாது, அது அச்சம்.

1995-இல் லூதியானாவில் ஒரு மருத்துவமனையில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது. அடுத்த உருளையைக் கொண்டு வந்து பொருத்துவதற்குள் அவர் உயிர் பிரிந்தது. இவ்வழக்கில் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முக்கியமான வேறுபாடு ஒன்றை வகுத்தது. சிகிச்சையில் நேரும் ஒவ்வொரு பிழையும் குற்றவியல் குற்றம் ஆகாது. மிகக் கடுமையான கவனக்குறைவே குற்றமாகும். எனவே மருத்துவர்மீது தொடுத்த குற்ற வழக்கு நீக்கப்பட்டது. ஆயினும், உருளை காலியாக இருந்ததற்காக மருத்துவமனைமீது இழப்பீட்டுப் பொறுப்பு எழக்கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை.

வழக்கின் நுட்பங்கள் வழக்கறிஞருக்கு உரியவை. செவிலியர் கற்க வேண்டிய பாடம் எளியது. பணிமுறை மாறும்போது உருளையின் அழுத்தமானியை ஒருமுறை பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். ஒரு மனிதனின் மூச்சு அந்த அரை நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

மூன்றாம் பண்பு: அன்பு

மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய இளம் செவிலியர் அருணா ஷான்பாக். 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த வேளையில், அதே மருத்துவமனையின் கடைநிலை ஊழியன் ஒருவன் அவரைக் கொடூரமாகத் தாக்கினான். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்வளி செல்வது தடைப்பட்டது. பார்வையும் பேச்சும் உணர்வும் ஒடுங்கிய நிலையில் அவர் படுக்கையில் வீழ்ந்தார். 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் உயிர் பிரியும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையில் இருந்தார்.

அவ்வளவு காலமும் அவரைப் பராமரித்தவர்கள் அம்மருத்துவமனையின் செவிலியர்கள். அவருடன் பணியாற்றியவர்கள் ஓய்வு பெற்றனர். அவரை நலமுடன் கண்டிராத அடுத்த தலைமுறையினர் வந்தனர். அவர்களும் ஓய்வு பெற்று, மற்றொரு தலைமுறை வந்தது. பணிவிடை மட்டும் நிற்கவில்லை. 1980-களில் மாநகராட்சி அவரை வேறிடத்திற்கு மாற்ற முயன்றபோது செவிலியர்கள் போராடித் தடுத்தனர்.

2011-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இத்தனை ஆண்டுகளில் அவர் உடலில் ஒரு படுக்கைப்புண்கூட ஏற்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு அச்செவிலியர்களைப் பாராட்டியது. இப்பாராட்டின் முழுப் பொருளைப் படுக்கைப்புண் எப்படி உண்டாகிறது என்று அறிந்தவரே உணர்வர். அசைவற்றுக் கிடப்பவரின் தோல், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்குகிறது. அவ்விடத்தில் இரத்த ஓட்டம் நின்று தசை அழுகத் தொடங்குகிறது. இதைத் தடுக்க, சில மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோலை ஈரமின்றித் துடைக்க வேண்டும். விரிப்பின் சுருக்கங்களை நீக்க வேண்டும். பகலிலும் இரவிலும், பண்டிகை நாளிலும் மழைவெள்ள நாளிலும், இதை ஒருவர் மறவாமல் செய்தாக வேண்டும். ‘நன்றி’ என்று ஒரு சொல்லும் திரும்பி வாராத இடத்தில், பயனை எதிர்பாராமல் நடந்த இப்பணியைக் கர்ம யோகம் என்று சொல்லாமல் வேறு எப்பெயரால் அழைப்பது?

அவ்வழக்கின் மையக் கேள்வி கடினமானது. மீள வழியில்லாத ஒருவரின் உயிரை உணவும் மருந்தும் கொடுத்து நீட்டிப்பது கருணையா, இல்லை நிறுத்திவிடுவது கருணையா? அருணாவின்பால் பரிவு கொண்ட எழுத்தாளர் ஒருவர், அவரை அமைதியாக இறக்க விட வேண்டும் என்று மனுச் செய்தார். செவிலியர்கள், தாங்கள் இறுதிவரை பராமரிப்போம் என்றனர். இரு தரப்பிலும் பரிவே இருந்தது. அவர் சார்பில் முடிவு சொல்லும் உரிமை, இத்தனை ஆண்டுகள் அவரைப் பேணிய மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்று கூறி, நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. ஆயினும், தக்க சூழலில், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு, உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று பொதுவான வழியை வகுத்தது.

பின்னர் 2018-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று தீர்ப்பளித்தது. மீள முடியாத நிலை வந்தால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023-இல் அதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் சட்டத்திற்கு மாறானது. நோயாளியோ உறவினரோ கண்ணீருடன் வேண்டினாலும், செவிலியர் தாமாக ஒரு குழாயையும் அகற்றக்கூடாது. முடிவு விதிப்படி எடுக்கப்பட்ட பின்னரும் அவருடைய பணி முடிவதில்லை. வலியைக் குறைப்பதும், உதடுகளை நனைப்பதும், கையைப் பற்றிக்கொண்டிருப்பதும் கடைசி மூச்சு வரை தொடர வேண்டியவை.

அன்பின் மற்றோர் உருவம் மரியாதை. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, பரிசோதனைக்கு மட்டுமே அவர் சம்மதித்திருந்த நிலையில், தாயாரிடம் கையொப்பம் பெற்றுக் கருப்பையும் அகற்றப்பட்டது. 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தவறெனக் கூறியது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த நோயாளியின் சம்மதத்தை அவரே தர வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்று விளக்கியது. சம்மதப் படிவத்தை நீட்டிக் கையொப்பம் பெறுபவர் பெரும்பாலும் செவிலியரே. ‘இங்கே போடுங்கள்’ என்று விரலால் காட்டுவதோடு அவர் கடமை முடிந்துவிடாது. புரிந்ததா என்று கேட்பதும், புரியவில்லை எனில் மருத்துவரை மீண்டும் அழைப்பதும் அறம். நோயாளியின் உடல் அவனுடைய ஆலயம். உரியவர் அனுமதியின்றி அதனுள் நுழைய எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், உயிர் ஊசலாடும் நேரத்தில் படிவமும் கட்டணமும் குறுக்கே நிற்கக் கூடாது. விபத்தில் அடிபட்டவரைச் சட்டச் சிக்கலுக்கு அஞ்சித் திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டது.

நான்காம் பண்பு: தூய்மை

திருக்குறளுக்கு உரை செய்த பரிமேலழகர், உழைச்செல்வானுக்குரிய தூய்மையை மனம், மொழி, மெய் மூன்றிற்கும் உரியதாகக் கூறுகிறார். இம்மூன்றும் இன்றைய வார்டிலும் அப்படியே பொருந்துகின்றன.

மெய்த்தூய்மை என்பது கைகழுவுவதில் தொடங்குகிறது. ஒரு நோயாளியைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன் கைகழுவாத செவிலியர், ஒருவரின் நோயை மற்றவருக்குத் தாமே சுமந்து செல்கிறார். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறவாரியாகப் பிரிக்கச் சொல்கின்றன. பயன்படுத்திய ஊசி, துளைபடாத வெள்ளைக் கலத்தில் சேர வேண்டும். அவ்வாறு செய்யாமல் சாதாரணக் குப்பையில் வீசிய ஊசி, மறுநாள் காலை துப்புரவுப் பணியாளரின் விரலில் குத்துகிறது. அவரும் ஜீவன், அவருள்ளும் சிவன்.

மெய்த்தூய்மையின் பெருமையை அறிய ஹரித்வாரை அடுத்த கன்கலைப் பார்க்கலாம். 1901-இல் சுவாமி விவேகானந்தரின் விருப்பப்படி சுவாமி கல்யாணானந்தர் அங்கே சேவாசிரமத்தைத் தொடங்கினார். பின்னர் சுவாமி நிச்சயானந்தர் வந்து இணைந்தார். நோயுற்ற சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் இருவரும் மருந்து கொடுத்தனர். மலஜலத்தைத் தம் கைகளாலேயே அகற்றினர். ஆசாரத்தில் ஊறிய துறவியர் சிலர், துப்புரவு செய்யும் சாதுக்கள் என்று அவர்களை ஏளனம் செய்து ஒதுக்கினர். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அழுக்கைத் தொட்டவர் அழுக்காவதில்லை. அழுக்கைக் கண்டு நோயாளியை விட்டு விலகுபவரின் மனமே அழுக்காகிறது.

மொழித்தூய்மையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, இரகசியம் காத்தல். நோயாளி தன் உடலைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் செவிலியரிடம் சொல்வது, தாயிடமும் சொல்லாத செய்தியாக இருக்கக்கூடும். அது உணவறைப் பேச்சாக மாறக்கூடாது. எச்.ஐ.வி. தொற்று குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் தொற்றுநிலையை அவரது சம்மதமின்றி வெளிப்படுத்துவதைப் பொதுவாகத் தடை செய்கிறது.

மற்றொன்று, எழுத்தில் உண்மை. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகவும், பார்க்காத நாடித்துடிப்பைப் பார்த்ததாகவும் பதிவேட்டில் எழுதுவது பொய். பணிச்சுமையால் தவறியிருந்தால் தவறியதையே எழுத வேண்டும். பிழை நேர்ந்தபின் தாளைத் திருத்துவது முதற்பிழையைவிடக் கொடியது. ஏனெனில் அடுத்து வரும் மருத்துவர் அந்தப் பொய்யை நம்பியே சிகிச்சையைத் தொடர்வார். நேர்மையான பதிவேடு நோயாளியைக் காக்கிறது. வழக்கு வரும் நாளில் செவிலியரையும் அதுவே காக்கிறது.

மனத்தூய்மையைச் சட்டம் அளக்க முடியாது. ‘யாரும் பார்க்கவில்லை’ என்னும் நினைப்பு எழும்போது, ‘உள்ளிருப்பவன் பார்க்கிறான்’ என்னும் நினைப்பு அதைத் தொடர்ந்து எழுவதே மனத்தூய்மை.

தவறினால் விளைவது

செவிலியர் தம் கடமையில் தவறினால் சட்டம் மூன்று வாயில்களில் நிற்கிறது. முதலாவது, குழுமம். ஒழுக்கம் தவறியவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். இரண்டாவது, இழப்பீடு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் நிலையங்கள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஆனால் அதனால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல முடியாதவர் உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லலாம். ஔரங்காபாத் வழக்கில் அந்தத் தாயின் குடும்பம் சென்ற வழியும் அதுவே. அன்பர்கள் நடத்தும் தர்ம மருத்துவமனைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குற்றவியல் சட்டம். 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்கையில் இவ்வாறு நேர்ந்தால் மட்டும் இரண்டு ஆண்டுகள் என்னும் குறைந்த வரம்பு உண்டு. தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்களையே அந்த விளக்கம் குறிக்கிறது. செவிலியரைப் பற்றி அது பேசவில்லை. எனவே, ‘மருத்துவர் சொன்னார், செய்தேன்’ என்பதை மட்டும் கவசமாக நம்புவது பேதைமை. ஆணை ஐயத்திற்கு இடமாக இருந்தால் மீண்டும் கேட்டுத் தெளிவதும், எழுத்தில் பெறுவதும், தவறெனத் தெரிந்தால் மேலதிகாரியிடம் தெரிவிப்பதும் செவிலியரின் உரிமை. அதுவே அவர் கடமையும் ஆகும்.

சேவகரைக் காப்பதும் தர்மமே

கடமையைப் பற்றியே பேசி, கடமையாற்றுபவரை மறப்பது நீதியன்று. அருணாவுக்கு நேர்ந்த கொடுமை அவர் பணியாற்றிய இடத்திலேயே நேர்ந்தது. அதன்பின் மும்பைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டவற்றுள் தங்கள் பணிச்சூழலின் மேம்பாடும் ஒன்று. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது 2013-இல். அதற்குள் 40 ஆண்டுகள் சென்றுவிட்டன.

ஊதியத்திலும் குறை உண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை அரசு ஊதியத்திற்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஒரே செவிலியரிடம் அளவுக்கு மிஞ்சிய நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு, அவரிடம் பிழையற்ற பணியை எதிர்பார்க்கும் நிர்வாகம் தன் பாவத்தை அவர் தலையில் சுமத்துகிறது. ‘இது தெய்வப் பணி’ என்று புகழ்ந்து, அப்புகழையே கூலியாகக் கொடுப்பதும் ஒருவகைச் சுரண்டலே.

நோயாளியின் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. செவிலியரை அதட்டாதிருத்தல், உண்ட மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுதல், வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அமர்த்தும்போது தகுதியை விசாரித்தல் ஆகியவை அவர்கள் செய்ய வேண்டியவை. சிகிச்சையின் நான்கு கால்களில் நோயாளியும் ஒரு கால் அன்றோ?

சட்டம் தரை போன்றது. அதற்குக் கீழே எவரும் செல்லக்கூடாது. தர்மம் வானம் போன்றது. அதற்கு எல்லை இல்லை. தரையில் காலூன்றாமல் வானத்தைப் பேசுபவர் விழுவார்; தரையையே பார்த்து நடப்பவர் வானத்தைக் காணமாட்டார். மருந்துக் குப்பியின் பெயரை இருமுறை படிக்கும் கண்ணும், படுக்கையில் கிடப்பவரின் முகத்தில் இறைவனைக் காணும் கண்ணும் ஒரே கண்ணாக இருக்க வேண்டும். அத்தகைய செவிலியர் நிற்கும் படுக்கையருகே ஆலயத்தின் கருவறை அமைந்துவிடுகிறது.

படிப்பு வட்டத்தில் சிந்திக்க

1. பரிசாரகருக்குச் சரக சம்ஹிதை கூறும் நான்கு பண்புகளுள், அன்பர்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் அதிகம் கவனிக்க வேண்டியது எது?

2. தவறான ஆணைக்குக் கீழ்ப்படிய மறுப்பது பணிவுக்கு மாறானதா?

3. பயனை எதிர்பாராமல் செய்யும் பணியில் கவனம் ஏன் கூடுகிறது, குறையவில்லை?

4. செவிலியரின் நலனுக்காக நோயாளியின் குடும்பமும் மருத்துவமனை நிர்வாகமும் உடனே செய்யக்கூடியவை எவை?